ஒரு சாண் ரிப் துணி

அந்த அறையில் மனுசர் இருக்கத் தேவையில்லை. கம்ப்யூட்டர் பெட்டிகள்தான் இருக்கும். வெயில் கிடையாது, தூசி கிடையாது, பஞ்சு கிடையாது. எங்க வீட்டுக்காரர் அங்கே வேலைக்கு இருக்க ஆசைப்பட்டார். அவர் ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் திருப்பூர் வந்தோம். மண்ணரையில் லைன் வீடு, ஒரே அறை. பிள்ளை இல்லை. நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவர் ரைசிங் பட்டறையில் இருந்தார். குளிர் நாட்டுக்குப் போகிற சட்டைக்கு உள்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும். அதற்குத் துணியை முள் உருளையில் விட்டுச் சுரண்டுவார்கள். சுரண்டினால் பஞ்சு பறக்கும். சாயங்காலம் வரும்போது அவர் புருவம், மீசை, காது மயிர் எல்லாம் வெள்ளையாக இருக்கும்.

"உங்க வீட்டுக்காரரு ஆறு நாள் கிழவன், ஞாயித்துக்கிழமை மட்டும் மாப்பிள்ளை" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வாள். அவரும் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

ஒன்பது வருசம் அப்படிப் போனது. பிறகு மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இனிமே பஞ்சுல நிக்கக் கூடாது. போனது போச்சு. இருக்கறதையாவது வச்சுக்கோங்க."

அவர் சரி என்றார். மறுநாள் வேலையை விட்டார்.

திருப்பூரில் பஞ்சு இல்லாத வேலை தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடையில் நிற்கலாம் என்றால் அது துணிக்கடை. காதர்பேட்டை மொத்தக் கடைகளில் பண்டல் தூக்கலாம், அதற்கு மூச்சு வேண்டும். கடைசியில் ஏ.சி. மாட்டுகிற காண்டிராக்டர் ஒருவரிடம் ஹெல்பராகச் சேர்ந்தார். முப்பத்தெட்டு வயசில் ஹெல்பர். பைப் வளைக்க, கேஸ் ஏற்ற, வயர் சேர்க்கக் கற்றுக்கொண்டார். ரெண்டு வருசத்தில் இருமல் குறைந்தது. தலையணையை உயர்த்தி வைக்காமல் படுத்தார்.

அந்தச் சமயத்தில் பல்லடம் ரோட்டில் பழைய நிட்டிங் ஷெட் ஒன்றை இடித்துக் கட்டினார்கள். ஊரில் இருக்கிற கம்பெனிகள் எல்லாம் தங்கள் கம்ப்யூட்டர் பெட்டிகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். டேட்டா சென்டர் என்று பேர். அதற்கு ஏ.சி. வேலை இவர் காண்டிராக்டருக்குக் கிடைத்தது. இவர் தினமும் அங்கே போனார். சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசினார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதனால் நான் கவனித்துக் கேட்டேன்.

"ஏட்டி, அந்தப் பெட்டி ஒவ்வொண்ணும் அடுப்பு மாதிரி. முன்பக்கம் குளுந்த காத்த இழுக்கும். பின்பக்கம் சூடா விடும். அந்தச் சூடு சுத்திக்கிட்டு முன்பக்கம் வந்திரப்பிடாது. வந்தா பெட்டி செத்துரும்."

"அடுப்ப யாராச்சும் ஏ.சி.ல வைப்பாவளா?"

"அதத்தான் நானும் கேட்டேன். இஞ்சினியர் சிரிச்சாரு."

இஞ்சினியர் சென்னையிலிருந்து வந்தவர். முழுக் கட்டடத்தின் ஏ.சி.யும் அவர் பொறுப்பு. வேலை முடிந்து கட்டடம் ஓட ஆரம்பித்ததும் ஏ.சி.யைப் பார்த்துக்கொள்ள உள்ளேயே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். எங்க வீட்டுக்காரரிடம், "உன்னைச் சொல்லலாம்னு இருக்கேன். டெஸ்ட் முடியட்டும்" என்றிருந்தார்.

டெஸ்ட் என்பது இதுதான். கம்ப்யூட்டர் பெட்டிகள் வருவதற்கு முன்னால், அவை வைக்கிற ஆள் உயர இரும்பு அலமாரிகளில் ஹீட்டர்களை வைத்துச் சூடு கிளப்புவார்கள். ஏ.சி. அந்தச் சூட்டைத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். அலமாரிகள் ரெண்டு வரிசை, முதுகோடு முதுகு பார்த்து நிற்கும். நடுவில் ஒரு சந்து. சூடு எல்லாம் அந்தச் சந்தில்தான் விழும். அதை அங்கேயே அடைத்து, மேலே கூரை வழியாக இழுக்க வேண்டும். அடைப்பதற்குக் கண்ணாடிக் கதவும் தடுப்பும் ஆர்டர் போட்டிருந்தார்கள். அது வந்து சேரவில்லை. டெஸ்ட் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் சொல்லியாகிவிட்டது. அதனால் அப்போதைக்குப் பிளாஸ்டிக் ஷீட்டில் சுவர் மாதிரி கட்டி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள்.

"தைக்கணும் சார். எங்க வீட்ல டெய்லர்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் நான் அதற்குள் போனேன். கம்பெனியில் மூன்று நாள் லீவு சொன்னேன்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தலைக்கும் காலுக்கும் உறை கொடுத்தார்கள். கட்டட சூப்பர்வைசர் பொங்கலூர்க்காரர். முதலாளிக்கு வேண்டியவர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. என்னைப் பார்த்ததும் சொன்னார்.

"வாங்க அம்மிணி. எங்கூட்டுல எனக்கே ஏ.சி. இல்லீங்க. இந்த இரும்புப் பொட்டிக்கு ஏழு ஏ.சி. குடுத்து வெச்ச பொட்டிங்க."

பிளாஸ்டிக் சென்னையிலிருந்து வந்திருந்தது. கனமானது, சட்டென்று தீப்பிடிக்காதாம். நான் வருவதற்கு முன்பே அங்கே இருந்த ஆட்கள் அதை வெட்டிவிட்டார்கள். அலமாரி உச்சியிலிருந்து கூரை வரை எவ்வளவோ அவ்வளவுக்குச் சரியாக வெட்டியிருந்தார்கள். டெய்லர் வெட்டியிருந்தால் மடிப்புக்கு விட்டு வெட்டியிருப்பாள். மேலே கம்பி நுழைக்க மடித்துத் தைக்க வேண்டும். தையல் கிட்டக் கிட்ட விழுந்தால் ஊசி ஓட்டையோடு தபால்தலை மாதிரி கிழிந்து வந்தது. அதனால் பெரிய தையலாகப் போட்டு, ரெண்டு மடிப்பாக மடித்தேன். தைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தால், கீழே ஒரு சாண் குறைந்தது. சந்தின் நீளம் முழுக்க, ரெண்டு பக்கமும், ஒரு சாண் இடைவெளி.

மீதிப் பிளாஸ்டிக் இல்லை. மறுபடி வரவழைக்க நாலு நாள் ஆகும். டெஸ்ட் நாளை மறுநாள்.

இவர் டேப் ஒட்டிப் பார்த்தார். அவ்வளவு அகலத்துக்கு டேப் நிற்கவில்லை. தொங்கியது.

"இஞ்சினியர்ட்ட சொல்லுதேன். நாள மாத்தட்டும்" என்றார்.

நாள் மாறினால் எங்களால்தான் மாறியது என்பார்கள். எங்களால் என்றால் இவரால். அந்த ஒரு வேலைக்குத்தான் இவர் இத்தனை நாள் காத்திருந்தார்.

எங்கள் கம்பெனியில் சாயம் ஒத்து வராமல் ஒதுக்கி வைத்த ரிப் ரோல் இருந்தது. ரிப் என்றால் பனியன் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் வைக்கிற துணி. இழுத்தால் வரும், விட்டால் கவ்வும். அன்று சாயங்காலமே போய்க் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன், எடுத்துக்கோ என்றார். மறுநாள் காலையில் கொண்டுபோனேன்.

"இத ரெண்டா மடிச்சி கீழ வச்சித் தைச்சிருதேன். அலமாரித் தலையில கழுத்து மாதிரி கவ்விக்கிடும்."

அவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். "துணி வைக்கலாமாட்டி? பிளாஸ்டிக்குன்னுதான அவரு சொன்னாரு. கேட்டுருதேன்."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. கேக்காதீங்க. வெளிய தெரியாது."

அவர் துணியை என் கையில் கொடுத்தார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அதை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் முடித்தேன். பைப் போகிற இடங்களுக்கு மணிக்கட்டுப் பட்டை மாதிரி வட்டமாகத் தைத்து மாட்டினேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. இஞ்சினியர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். சாம்பல் நிறத் துணி, விளக்குக்கு மேலே, தூரத்தில். அதுவும் பிளாஸ்டிக் பட்டை என்று நினைத்திருப்பார். "ஃபினிஷிங் சூப்பர்மா" என்றார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. டேப் ரோலை உருட்டிக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் நாளில் கிழிந்தால் ஒட்டுவதற்கு என்னையும் இருக்கச் சொன்னார்கள். கத்திரியும் டேப்பும் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பார்க்க வந்தவர்கள் நாலு பேர், இஸ்திரி போட்ட சட்டை. முதலில் ஹீட்டரைப் பாதி போட்டார்கள். ஒவ்வொரு அலமாரிக்கு முன்னாலும் ஒரு சின்ன மீட்டர். எல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று நின்றது. இருபத்தேழைத் தாண்டக் கூடாதாம். எல்லாருக்கும் டீ வந்தது. எனக்கும் ஒரு கப் கொடுத்தார்கள்.

மத்தியானத்துக்கு முன்னால் முழுசாகப் போட்டார்கள். ஹீட்டர் ஃபேன்கள் ஒன்றாக இரைந்தன. சந்துக்குள் பிளாஸ்டிக் உப்பியது. தோணிப் பாய் மாதிரி வெளியே தள்ளியது. மேலே என் ரிப் துணியும் உப்பியது. நடு அலமாரிகளில் மீட்டர் ஏறியது. இருபத்தைந்து. இருபத்தேழு. முப்பது. ஏ.சி. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இஞ்சினியர் ஒவ்வொரு ஏ.சி.யாகப் போய்ப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு ஊதுபத்தி மாதிரி ஒரு குச்சியைக் கொளுத்திக்கொண்டு சந்துக்குள் ஏணியில் ஏறினார். வெளியே நின்ற எங்களுக்குப் புகை தெரிந்தது. ரிப் துணி வழியாக, எந்த ஓட்டையும் இல்லாமல், நீளம் முழுக்கப் புகை கசிந்து இந்தப் பக்கம் இறங்கியது.

வருசக்கணக்காக நான் தைப்பதெல்லாம் காற்று போக வேண்டிய துணி. காற்று போகாத பனியனை யாரும் வாங்கமாட்டார்கள். காற்று போகாமல் இருக்கத் தைக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. கவ்வுமா என்று மட்டும் பார்த்தேன். காற்று போகும் என்று எனக்கு உறைக்கவில்லை.

இஞ்சினியர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஒரு ஏ.சி.யைத் திறந்து வடிகட்டியை உருவினார். அதில் பனி விழுந்த மாதிரி வெள்ளையாகப் பஞ்சு. அரை நாள் காற்றில் ரிப் உதிர்த்த பஞ்சு. வந்தவர்களில் ஒருவர் அதை விரலால் வழித்து, பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பஞ்சு போனால் என்ன ஆகும் என்று இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

எங்க வீட்டுக்காரர் அந்தப் பஞ்சைப் பார்த்தபடி நின்றார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த பஞ்சு.

"யாரு இந்தத் துணிய வச்சது?" என்றார் இஞ்சினியர். கத்தவில்லை.

நான் அங்கேதான் நின்றேன். கையில் கத்திரி இருந்தது. வாயைத் திறந்தால் போதும்.

"நாந்தான் சார்" என்றார் அவர். "பிளாஸ்டிக் பத்தல. உங்கள்ட்ட கேக்காம வச்சிட்டேன்."

"ஏம்ப்பா. ஏ.சி. வேலை தெரிஞ்ச ஆளுதானே நீ."

"ஆமா சார்."

"உன்னைத்தான் இங்க வைக்கச் சொல்லி எழுதறதா இருந்தேன்."

"தெரியும் சார்."

இஞ்சினியர் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். சூப்பர்வைசர் என் பக்கம் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன்.

நாங்கள் ரெண்டு பேரும் ரிப்பைப் பிரித்தோம். நான் தைத்ததை நானே பிரித்தேன். அவர் சுருட்டிப் பையில் போட்டார். பஞ்சு பறக்காமல் மெதுவாகச் சுருட்டினார். பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன்.

பத்து நாளில் கண்ணாடித் தடுப்பு வந்துவிட்டது. மறுபடி டெஸ்ட் ஓட்டி, பாஸ் ஆனது. உள்ளே வேலைக்கு வேறு ஆளைப் போட்டார்கள். காண்டிராக்டர், "கொஞ்ச நாள் பொறுங்க, கூப்புடறேன்" என்றார். கூப்பிடவில்லை. இவர் நாற்பது நாள் வீட்டில் இருந்தார். ஒரு காலையில் பழைய லுங்கியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அது ரைசிங் பட்டறைக்குக் கட்டுகிற லுங்கி. ஆர்டர் நேரம், பட்டறைக்காரர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் எங்கே போகிறார் என்று. வாசலில் நின்றேன். போகாதீங்க என்று சொல்லவில்லை. வீட்டில் அப்போது என் சம்பளம் மட்டும்தான். அதையும் ஒரு சாக்காகச் சொல்லக் கூடாது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் மறுபடி தலையணை உயர்ந்தது. ரெண்டு, பிறகு மூன்று. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். பட்டறைக்குப் போவது நின்றது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. போய்ச் சொன்னால் என்ன? தப்பு என்னுடையது என்று தெரிந்தால் இவரைக் கூப்பிடுவார்கள். அந்த அறையில் உட்கார்ந்து மீட்டர் பார்க்கிற வேலைதானே. அதற்கு இவ்வளவு மூச்சு போதும். கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

சூப்பர்வைசர் வாசலிலேயே இருந்தார். நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"அன்னைக்குத் துணி வச்சது நாந்தாங்க. அவரு கேக்கணும்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்க விடல."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெச்சது நீங்கன்னு தெரியுமுங்க அம்மிணி. வெக்கச் சொன்னது அவருன்னுதானுங்க நெனச்சோம். ஆனா அன்னைக்கே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, தைக்க வந்த அம்மிணி தெரியாம வெச்சுப்போட்டாங்கன்னு போயிருக்குமுங்க. உங்களுக்கென்ன ஏ.சி.யப் பத்தித் தெரியும்? அவரு சொன்னதால, வேல தெரிஞ்ச ஆளே இப்படிப் பண்ணிப்போட்டாருன்னு ஆயிப்போச்சுதுங்க."

"இப்ப கூப்பிடுவீங்களா?"

"ஆளு போட்டாச்சுங்களே. அந்தப் பையனுக்கும் குடும்பம் இருக்குதுங்க." பிறகு சொன்னார். "இஞ்சினியரு ஊருக்குப் போறப்பக்கூட அவரப் பத்தித்தானுங்க பேசுனாரு. தப்புப் பண்ணுனான், ஆனா நேரா நின்னு ஒத்துக்கிட்டான், அப்படி ஆளு கெடைக்காதுன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேனுங்க."

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். வீட்டில், ரேஷன் கடையில் கூட்டம் என்று சொன்னேன்.

சூப்பர்வைசர் நல்ல மனசோடுதான் ரெண்டு நாள் கழித்து இவருக்கு ஃபோன் பண்ணியிருக்கிறார், உடம்பு எப்படி என்று கேட்க. நான் வேலையிலிருந்து வரும்போது ஃபோன் இவர் மடியில் இருந்தது.

"நீ அங்க போனியாட்டி?"

"போனேன்."

"என்ன சொன்ன?"

"நடந்தது என்னன்னு சொன்னேன்."

"நான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வந்திருக்க."

"அப்படிச் சொல்லலைங்க."

"வேற எப்படிச் சொன்ன?" மூச்சு வாங்கினார். நான் விசிறியை எடுத்தேன், கையைக் காட்டித் தடுத்தார். "இந்த ஊருக்கு வந்து இத்தன வருசத்துல ஒரு எடத்துல என்னய ஒரு ஆளுன்னு நெனச்சாவ. ஒரே எடத்துல. அதயும் போய்க் கலைச்சிட்டு வந்துட்ட."

வேலை கிடைக்கும் என்றுதான் போனேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. மருந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசினார், பால்காரரிடம் பேசினார். பன்னிரண்டாம் நாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றார். வெந்நீர் விட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலம், சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர், ரைசிங் பட்டறை ஆட்கள், என் லைன் டெய்லர்கள் வந்தார்கள். சூப்பர்வைசரும் மாலையோடு வந்தார். இந்த லைன் வீட்டுச் சந்துக்குள் அவர் உடம்பு ஒடுங்கி ஒடுங்கித்தான் வர முடிந்தது. மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அன்னைக்கு உங்களுக்காகத் தன் தலைல போட்டுக்கிட்ட மனுசனுங்க."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"இல்லீங்க" என்றேன். "அவருதான் துணி வச்சாரு. அவருக்கு வேலை கிடைக்கணும்னு நான் வந்து உங்கள்ட்ட பொய் சொன்னேன். அவரு ஒத்துக்கிட்டதுதான் நெசம்."

சுற்றி இருந்தவர்களுக்கு எதுவும் புரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று தெரியாது.

"செரிங்க அம்மிணி" என்றார். "அப்படியே வெச்சுக்கறேனுங்க."

மழை விட்டிருந்தது. வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.